காலி இடம் விடாத பயணம்

சனிக்கிழமை காலை, கோவில்பட்டியில் அறுபதாவது மாடி வீடொன்றில், பொற்கொடி தன் மகள் நறுமுகைக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு ஒரு வாரம் சும்மா கிடக்கப்போகிறது. தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த உடுப்பு மாட்டி, கட்டிலில் நேராகப் படுக்கவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கோணலாகப் படுத்துவிட்டால், திரும்பி வந்ததும் கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வெளியூர் போகிறவர்கள் உடம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம். மனம் மட்டும் ஒளிக்கற்றையில் ஏறிப் போகும். போன இடத்தில் வாடகை உடல் காத்திருக்கும். பொற்கொடியும் கணவன் கோமதிநாயகமும் மகளும் போகவிருந்தது சனிக்கோளின் நிலவான என்சலடஸுக்கு. அங்கே நிலத்தடி நீர் பீறிட்டு எழுந்து, வானத்திலேயே உறைந்து, ஓயாமல் வெண்பனியாகக் கொட்டும். பனிச்சறுக்குக்கு அதைவிட நல்ல சரிவு எங்கும் இல்லை என்று ஊரே சொன்னது.

ஆனால் முழு மனத்தையும் ஒளியில் ஏற்ற முடியாது. ஆளுக்கு ஒரு மனப்பொதி. அதில் அடங்குவதைக் கொண்டுபோகலாம். மீதி வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும்.

"கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள்," என்றது கூடத்தில் நின்ற பொதிகட்டி இயந்திரம். "அங்கே காண்பதும் அனுபவிப்பதும் இதே பொதியில்தான் திரும்பி வர வேண்டும்."

"காலிப் பையையா தூக்கிட்டுப் போவாங்க?" என்றாள் பொற்கொடி. "முழுப் பொதிக்குத்தான டிக்கெட் எடுத்திருக்கோம்."

பேச்சு, நடை, சொந்தபந்தம் என்று அவசியமானவற்றை இயந்திரமே அடுக்கிவிட்டது. அதற்கு மேல் பொற்கொடி ஆரம்பித்தாள். தம்பிக்குப் பெண் அமையாத கவலையை வைத்தாள். வளைகாப்பில் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லை, சொன்ன தொனி கலையாமல் மடித்து வைத்தாள். நறுமுகை தன் தோழியோடு போட்ட சண்டையை முழுசாகத் திணித்தாள்; அதற்கு இன்னும் சரியான பதில் அகப்படவில்லையாம்.

கோமதிநாயகம் வைத்ததுதான் பெரிய சுமை. கடல்நீர் ஆலையில் அவனுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி தேவசகாயத்துக்குப் போய்விட்டது. அந்த ஆத்திரமும், தேவசகாயத்தை நிற்கவைத்துக் கேட்க வேண்டிய கேள்விகளும் சேர்ந்து பாதிப் பொதியை அடைத்தன.

"மிகவும் கனக்கிறது. இதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே?" என்றது இயந்திரம்.

"அது இருக்கட்டும். அங்க ஓய்வா உக்காந்து யோசிக்கணும்," என்றான்.

என்சலடஸில் அவனுக்கு யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கண்விழித்தபோது முன்னால் வெள்ளைச் சரிவு. மேலே வானத்தில் பிரம்மாண்டமாகச் சனிக்கோள். குறுக்கே கோடு போட்டாற்போல் அதன் வளையம். அங்கே எதற்கும் எடை மிகக் குறைவு என்பதால், தரையில் அழுத்தி வைக்க வாடகை உடல்களின் முதுகில் சிறு உந்திகள் இருந்தன. முதல் நாள் மூவரும் விழுந்து எழுந்தார்கள். நறுமுகை சட்டென்று கற்றுக்கொண்டாள். பொற்கொடி மட்டும் சறுக்குப் பலகையோடு சரிவின் உச்சியிலேயே நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க போங்க."

"கையப் பிடிச்சுக்க. விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்."

விழவில்லை. சரிவு முடிந்த இடத்தில் பனி மேடு அவர்களைத் தூக்கியெறிந்தது. கைகோத்தபடியே நெடுநேரம் மிதந்து, பஞ்சு போன்ற பனியில் இடுப்புவரை புதைந்தார்கள். பொற்கொடி சிரித்தாள். முகம் யாருடையதோ, சிரிப்பு அவளுடையது. கல்யாணமான புதிதில் கேட்டது. அப்புறம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் தேவசகாயத்தை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

திரும்பும் நாள் வந்தது. பொதி சரிபார்க்கும் பெண் மூவரையும் நிறுத்தினாள்.

"மூணு பொதியும் நிறைஞ்சிருக்கு. பனிச்சறுக்கு நினைவு உள்ள வரணும்னா கொண்டுவந்ததுல எதையாவது விடணும். இங்க விட்டா அழிஞ்சிரும், திரும்பக் கிடைக்காது."

பொற்கொடி நாத்தனாரின் சொல்லை வெளியே எடுத்துப் பார்த்தாள். "இத விட்டுட்டா அவ பேசுனது பேசாததுன்னு ஆயிருமே," என்று உள்ளே வைத்தாள். நறுமுகை சண்டையை விட மறுத்தாள். பதில் நுனி நாக்கில் நிற்கிறதாம்.

கோமதிநாயகம் தன் ஆத்திரத்தை, விட்டுப்போவதைப் போடும் தட்டில் வைத்தேவிட்டான். உடனே பொதி லேசானது. அந்தச் சிரிப்பு தாராளமாக உள்ளே போகும். ஆனால் திங்கட்கிழமை ஆலைக்குப் போய் தேவசகாயத்தைப் பார்த்து வெறுமனே வணக்கம் சொல்வதா? இத்தனை நாள் சேர்த்ததெல்லாம் வீணா? தட்டில் வைத்ததை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"இங்க எடுத்த படமெல்லாம்?" என்று கேட்டான்.

"அது தனி அலைவரிசையில வந்திரும். அதுக்கு எடை கிடையாது."

"அப்புறம் என்ன, படந்தான் இருக்கே," என்றாள் பொற்கொடி. மூவருக்கும் நிம்மதியாயிற்று. பனிச்சறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அன்று மாலை எதிர்வீட்டு இசக்கியம்மாள் விசாரிக்க வந்தாள். கோமதிநாயகம் சுவர் முழுக்கப் படத்தை விரித்தான். அவனும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். இடுப்பளவு பனியில் முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும். அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு, மதினியா?" என்றாள் இசக்கியம்மாள்.

பொற்கொடி எழுந்து போய்ப் படத்தின் கீழே இருந்த பெயரைப் படித்தாள். "ஆமா, நாந்தான்," என்றாள் பெருமையாக.

"நல்ல குளிரோ? எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

கோமதிநாயகம் அடுத்த படத்தைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்த இருவரும் கைகோத்திருந்தார்கள். அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷமா இருந்திருக்கோம்," என்றான்.