மூடாத டேக்

இணைய மன்றத்தில் லோகேஷ் போட்ட கடைசிப் பதிவில் பதினேழு வரிகள்தான். நாற்பது நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கும் காயத்ரிக்குத் தெரியாதா? இன்று பத்தொன்பது இருந்தன. கூடியிருந்த இரண்டும் வெற்று வரிகள்.

பிள்ளையார்பாளையத்தில் அவளும் கணவன் லோகேஷும் நடத்திய பிரவுசிங் சென்டரில் அந்த மதியம் ஆளில்லை. பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்த மன்றத்தில் புரோகிராம் போடுகிறவர்கள் அதற்கு முன்னே டேக் என்கிற குறி ஒன்று, பின்னே மூடுகிற டேக் ஒன்று போட வேண்டும். மூடாவிட்டால், கீழே யார் எது எழுதினாலும் புரோகிராம் எழுத்திலேயே விழும். லோகேஷ் பாவி, எப்போதும் மூட மறப்பான். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி அவள்தான் போடுவாள். கல்யாணமான மூன்று வருஷமும் அது அவள் வேலை.

கடைசி நாளன்று மட்டும் அவன் மறக்கவில்லை; வேண்டுமென்றே மூடாமல் விட்டான். சேலை பார்டருக்கு டிசைன் போடும் புரோகிராமைப் பாதி ஏற்றிவிட்டு எழுந்தான்.

"தாமல் ஏரி ரொம்பிக்கீதாம், பாத்துட்டு வந்துடறேன். மீதிய வந்து போடறேன். நீ மூடிடாத, இன்னா?"

சாயங்காலம் ஏரியிலிருந்து அவனைத் தூக்கி வந்தார்கள்.

மன்றத்தைக் கவனிக்கும் வீராசாமி இன்று காலை போன் செய்திருந்தார். "இரங்கல் எழுதனதுகூட புரோகிராமாட்டம் நிக்குதும்மா. அவர் பாஸ்வேர்டு உன்கிட்டதான இருக்குது? மனச தேத்திக்கினு மூடிடும்மா."

அவன் பெயரில் உள்ளே போய் மூடுகிற டேகை அடித்தாள். இதுவும் முடிந்தால் அவனுக்கென்று செய்ய இனி எதுவுமே இல்லை. சேமித்தாள்.

தறிச்சத்தம் நின்றது.

பதிவைத் திரும்பத் திறந்தாள். அவள் போட்ட டேக் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி: 'மூடிடாதன்னேனே.'

பாசி நாற்றம். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. கீபோர்டில் ஒரு சொட்டுத் தண்ணீர். இன்னொன்று. வாசல் நாலடிதான்; ஓடிவிடலாம்.

"எழுதுங்க" என்றாள்.

அவள் விரல்களின் மேல் ஊறி வெளுத்த விரல்கள் படிந்தன. சில்லென்று. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தின. மீதி வரிகள் வந்தன. கடைசி வரியும் வந்தது.

விரல்கள் விலகின. மூடுகிற டேகைப் போடவில்லை. அது அவள் வேலை.

அறைக்குள் ஏறிய தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. முழங்காலைத் தொட்டது. அவள் மூடியதும் போய்விட, பக்கத்து நாற்காலியில் அவன் காத்திருந்தான்.

காயத்ரி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.