கடல் தெறித்த பட்டு

அவளுக்கு வீட்டில் ‘துருதுரு’ என்று பெயர். பத்து வயது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்பா பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார், காய்ச்சலோ என்று.

துருதுருவின் அம்மா பட்டுத் துணியில் ஓவியம் வரைபவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவர். இப்போது அவருடைய சாயங்களுக்கும் மரச் சட்டங்களுக்கும் ஒரு வேன்கூடப் போதவில்லை. கோடை விடுமுறை வந்தால் அந்த வேன் ஏதாவது ஒரு கடற்கரை ஊருக்குக் கிளம்பிவிடும். அப்பா ஓட்டுவார். அம்மா வரைவார். துருதுரு ஓட்டை கண்டுபிடிப்பாள்.

ஆமாம், ஓட்டைதான். பட்டில் சாயம் வைத்தால் அது வைத்த இடத்தில் நிற்காது. நாலு பக்கமும் ஓடும். அதனால் அம்மா முதலில் ஒரு பசையால் கோடு போடுவார். சாயம் அந்தக் கோடு வரை ஓடிவந்து நின்றுவிடும். கோட்டில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் போச்சு. கடலின் நீலம் பறவையின் வயிற்றுக்குள் புகுந்துவிடும். பட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து அந்த இடைவெளிகளைத் தேடுவது துருதுருவின் வேலை. ஓர் ஓட்டைக்கு ஒரு பிஸ்கட். ஓட்டையே இல்லாமல் அம்மா கோடு போட்டுவிட்ட நாட்களில் அவளுக்குக் கோபம்கூட வரும்.

இந்த முறை வேலை பெரியது. படகுத்துறையில் பயணிகள் காத்திருக்கும் கூடம் ஒன்று இருந்தது. வெளியே அவ்வளவு பெரிய கடல். ஆனால் கூடத்தின் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. வெறும் மொட்டைச் சுவர். அங்கே மாட்ட மூன்று மீட்டர் நீளத்தில் ஒரு கடல் வேண்டும் என்று கூடத்தின் மேலாளர் அம்மாவிடம் கேட்டிருந்தார்.

அந்த மேலாளருக்கு, பார்த்த மாத்திரத்தில், துருதுரு ‘இஸ்திரி மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். சட்டையிலும் பேச்சிலும் ஒரு சுருக்கம் கிடையாது.

“வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குப் படம் சுவர்ல இருக்கணும். பார்க்கச் சுத்தமா இருக்கணும். முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஒருத்தர் படம் தயாரா இருக்கு,” என்றார் இஸ்திரி மேடம்.

“முடியும் மேடம்,” என்றார் அம்மா.

சால்வை, தலையணை உறை, மேஜை விரிப்பு என்று அம்மா எத்தனையோ வரைந்து விற்றிருக்கிறார். ஆனால் ஊரே வந்து போகும் ஓர் இடத்தின் சுவரில் அவருடைய படம் இதுவரை ஏறியதில்லை. அதை நினைத்து நினைத்து அம்மாவுக்குச் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை.

கடலை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில் அறை எடுத்துத் தங்கினார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் படம் முடிந்தது. மரச் சட்டத்தில் விறைப்பாக நின்றது பட்டு. நீலக் கடல், கலங்கரை விளக்கம், ஏழு வெள்ளைப் பறவைகள். ஒரு பறவையின் வயிற்றில்கூட நீலம் இல்லை.

“இனிமே ஆவி பிடிச்சாச் சரி,” என்றார் அம்மா.

“சளி பிடிச்சவங்கதானேம்மா ஆவி பிடிப்பாங்க?” என்றாள் துருதுரு.

“பட்டுக்கும் பிடிக்கணும்டி. காகிதத்துல சுருட்டி நீராவியில மூணு மணி நேரம் வச்சாத்தான் சாயம் துணியோட ஒட்டும். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கறைதான். நானும் அப்பாவும் வேன்லேர்ந்து ஆவிப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வரோம். நீ படத்தைத் தொடாதே.”

“தொடவே மாட்டேன்மா.”

சொன்னபடி அவள் தொடவில்லை. ஆனால் அறை புழுங்கியது. சாய வாடை வேறு. துருதுரு போய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்துக் கதைப் புத்தகத்தை விரித்தாள்.

நாலு பக்கம் படிப்பதற்குள் காற்று திசை மாறியது. கீழே சுவரில் ஓர் அலை பளாரென்று மோதியது. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே பாய்ந்தது.

துருதுரு துள்ளி எழுந்து ஜன்னலை அடைத்தாள். அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பட்டின் இடது பக்கம் முழுவதும் புள்ளிகள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் நீலம் வெளுத்து, அதைச் சுற்றி அடர்ந்த வளையம் ஒன்று உருவாகியிருந்தது. வலது பக்கம் போகப் போகப் புள்ளிகள் குறைந்தன.

ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லிவிடலாமா? ஒரே ஒரு நொடி அப்படித் தோன்றியது. அதற்குள் கதவு திறந்தது.

“அம்மா, நான்தான் ஜன்னலைத் திறந்தேன். சாரல் அடிச்சிடுச்சு,” என்றாள் துருதுரு.

அம்மா படத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் துருதுருவுக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

“ஹேர் டிரையர் வச்சுக் காய வைக்கட்டுமா?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“காய்ஞ்சாலும் வளையம் போகாதுங்க. புதுசா வரையலாம்னா கையில இவ்வளவு பெரிய துணியும் இல்லை, நேரமும் இல்லை.” அம்மா பெருமூச்சு விட்டபடி போனை எடுத்தார். “மேடம்கிட்ட சொல்லிடறேன். அந்த இன்னொரு படத்தையே மாட்டிக்கட்டும்.”

துருதுருவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அந்தச் சொட்டும் பட்டில் தெறிக்குமோ என்று பயந்து, பின்னாலேயே நகர்ந்து எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் படம் வேறு மாதிரி இருந்தது.

“அம்மா! போன் பண்ணாதே! இங்க வந்து நில்லு.”

“என்னடி?”

“வாம்மா, சொல்றேன்! இங்கேர்ந்து பாரு. கடல் கெட்டுப்போகலம்மா. கடலுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி இருக்கு. அதுதான் நனைஞ்சிருக்கு!”

அம்மா எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவும் வந்து நின்றார். மூவரும் பார்த்தார்கள். நனைந்த ஜன்னல் கண்ணாடி வழியாகக் கடல் தெரிவது போலவே இருந்தது.

“அந்தக் கூடத்துல அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது இல்லம்மா?” துருதுருவின் பேச்சு வேகம் பிடித்தது. “நாம ஜன்னலையும் சேர்த்து வரைஞ்சிடுவோம். சுத்தி மரச் சட்டம், நடுவுல ரெண்டு கட்டை.”

அம்மா போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அம்மா அப்படிச் செருகினால் வேலை நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் ஓடிப்போய்ப் பழுப்புச் சாயத்தை எடுத்து வந்தார்.

பசைக் கோடுகள் விழுந்தன. துருதுரு டார்ச் அடித்து இரண்டு ஓட்டைகளைப் பிடித்தாள். பிஸ்கட் கேட்கவில்லை. பழுப்புச் சாயம் சட்டமாக ஓடி நின்றது.

வலது பக்கத்திலும் துளிகள் வேண்டும். அம்மா தூரிகையைத் தண்ணீரில் நனைத்தார். பட்டுக்கு மேலே கொண்டுபோய், மறுபடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி படாம காப்பாத்தினவ நான். இப்ப நானே தெளிக்கணுமா?”

“நான் வேணா தெளிக்கட்டுமா?”

“நீ தெளிச்ச வரைக்கும் போதும் தாயே!” என்று அம்மா சொல்ல, அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மாவும் சிரித்தார். சிரித்ததில் தயக்கம் போய்விட்டது.

துருதுரு நிஜ ஜன்னலிடம் ஓடினாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே சொன்னாள். “மேல எல்லாம் குட்டிக் குட்டியா இருக்கும்மா. கீழ பெருசு. நடுவுல ஒண்ணு மட்டும் வழுக்கிட்டு இறங்குது. ம்... இப்ப பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போகுது!”

அம்மா அப்படியே வைத்தார். குட்டிக் குட்டியாக, பிறகு பெரிதாக. நடுவில் ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. அன்று மதியமே பட்டு ஆவிப் பாத்திரத்துக்குள் போனது.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் படம் சுவரில் ஏறியது. பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இஸ்திரி மேடம் வந்தார். அம்மா துருதுருவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேடம் சுவரைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“காலையிலேயே கண்ணாடியைத் துடைச்சு வைக்கச் சொன்னேனே!” என்று முணுமுணுத்தபடி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விறுவிறுவென்று போய் ஒரு துளியைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஈரமே இல்லை.

“மேடம், அது துணி,” என்றார் அம்மா.

மேடம் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

துருதுருவால் பொறுக்க முடியவில்லை. “மேடம், ஒரு விஷயம் சொல்லிடறேன். நேத்து நான்தான் தெரியாம ஜன்னலைத் திறந்து வச்சுட்டேன். அதனாலதான் இப்படி ஆச்சு.”

“எந்த ஜன்னலை? இதையா?”

“இதைத் திறக்க முடியாது மேடம். நாங்க தங்கியிருக்கிற ரூம் ஜன்னலை!”

மேடம் மறுபடியும் படத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். “இது இங்கேயே இருக்கட்டும்,” என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவுக்குக் கண் கலங்கியது.

பிறகு மேடம் துருதுருவிடம் ஓர் அட்டையையும் பேனாவையும் நீட்டி, என்ன எழுத வேண்டும் என்று சொன்னார். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதிப் படத்தின் பக்கத்தில் ஒட்டினாள்.

‘இது கண்ணாடி இல்லை. தயவுசெய்து துடைக்க வேண்டாம்.’

அப்படியும் மதியப் படகு கிளம்புவதற்குள் மூன்று பேர் துடைத்துவிட்டார்கள்.