சபைக்குக் கொடுத்த அறை

தரையைக் கூட்டிக்கொண்டே வந்த மேஸ்திரியின் கை சுவரோரம் வந்ததும் நின்றுவிட்டது. நீல டைல்ஸ் வரிசையைக் காணோம்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இது டைல்ஸ் மேஸ்திரி தன் கையாலேயே தரை போட்ட வீடு. ஊரார் வீட்டுக்கெல்லாம் பளபளவென்று பதித்துக் கொடுத்துவிட்டு, அங்கே மிஞ்சியதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்து, வரிசைக்கு ஒரு நிறமாகத் தன் வீட்டில் ஒட்டியிருந்தார். "இது தரையா, தையல் கடையா?" என்று அவர் மனைவி அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். கூடத்தில், முன்னறைச் சுவரை ஒட்டிக் கடைசியாக ஓடியது நீலம். இப்போது அங்கே மஞ்சள் இருந்தது. மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தார். இடித்த தடயம் இல்லை, சிமெண்டுத் தூள் இல்லை. சுவர் ஒரு வரிசை முன்னால் வந்து நீலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

காரணம் அவருக்குத் தெரிந்தது. இந்த மாதம் அவர் முன்னறைக் கதவடியில் பண உறை தள்ளவில்லை.

அந்த முன்னறை, மனைவி சேர்ந்திருந்த சபைக்குச் சொந்தம். அவளே கொடுத்தது. அந்தச் சபையில் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. சுவரில் உள்ளங்கையை வைத்து, "கொடுத்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அறையும் சபையுடையது, சொன்னவரும் சபையுடையவர். போன வருஷம் காய்ச்சல் முற்றியபோது ஆஸ்பத்திரி கூடாது என்று சபை சொல்லிவிட்டது. அவள் அந்த அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். மேஸ்திரி கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தபோது உள்ளே பாய் மட்டும் கிடந்தது. மறுநாள் பார்த்தால் கதவு மறுபடி உள்ளே தாழ்போட்டிருந்தது.

இப்படிப் பறிகொடுத்தது ஒரு வீடா, இரண்டு வீடா? ஊரே கொதித்துப்போய்ப் புகார் கொடுத்ததில் சபைத் தலைவரைச் சிறையில் தள்ளினார்கள், வங்கிக் கணக்கை முடக்கினார்கள், பெரிய மண்டபத்துக்குச் சீல் வைத்தார்கள். "ஒழிஞ்சாங்கடா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கே ஒழிந்தார்கள்? மாதம் பிறந்தால் சபையின் வசூல்காரர் தன் பழைய ஸ்கூட்டரில் வந்துகொண்டுதான் இருந்தார், அவர் தட்டினால் மட்டும் அந்த முன்னறைக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டுதான் இருந்தது. மற்றவர்களுக்குக் கதவடி இடுக்கு மட்டுமே. அதில் உறையைத் தள்ளினால் உள்ளிருந்து குரல் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

இது ஒன்றுதான் கேட்பாள். அவளேதான், கடைசி எழுத்தை லேசாக இழுக்கிற அதே குரல். அந்த ஒரு கேள்விக்காகப் பாதிக் கூலியைத் தள்ளிக்கொண்டிருந்தார் மனுஷர். "உனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா?" என்று அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கு மட்டும் தெரியாதா? ஆனால் அவளில்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கியதே உறை தள்ளிய நாட்களில்தான்.

நிறுத்தியது குட்டிக்காக. முன்னறைக்கு அடுத்த சின்ன அறையில்தான் மகள் குட்டி படுப்பாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர். போன வாரம் வேலை முடிந்து வந்து எட்டிப்பார்த்தபோது, குட்டி சுவரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "ம்... ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயசுப் பிள்ளை. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்த நிமிஷமே மேஸ்திரி முடிவு பண்ணிவிட்டார். மனைவியோ போய்விட்டாள், பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும்.

இப்போது சுவரும் நகர்ந்துவிட்டதா, இனி ஒரு நாள் கூட இங்கே வேண்டாம் என்று அன்றைக்கே அக்காவிடம் வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு மூட்டை கட்டினார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விடாமல் கொட்டுகிற சத்தம், ஈரச் சுண்ணாம்பின் வாசனை, அதற்கு அடியில் ரொம்ப மெல்லியதாக, மனைவி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயின் வாசனை. அது முன்னறைப் பக்கமிருந்து வரவில்லை. குட்டியின் அறையிலிருந்து வந்தது.

"குட்டி, சுவர்கிட்டப் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் போகலப்பா. அதுதான் கிட்ட வருது."

கட்டிலைப் பார்த்தார். காலையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கலாம். இப்போது மெத்தையின் ஓரம் சுவரில் மடங்கியிருந்தது.

"அம்மா பாவம்ப்பா" என்றாள் குட்டி. "காலை நீட்டக்கூட இடமில்லையாம். நம்ம இடத்துல கொஞ்சம் தரலாமா?"

மேஸ்திரி பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். "வாயைத் திறக்கக் கூடாது! கேக்குதா? என்ன கேட்டாலும் பதில் பேசக் கூடாது!" குட்டியின் உதடு கோணிக்கொண்டது. உடனே அவளைக் கட்டியணைத்து, "இதோ வண்டி வந்துடும்டா கண்ணு, அத்தை வீட்டுக்குப் போயிடலாம்" என்று முதுகைத் தடவினார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. "பின்னாலேயே வா" என்று குட்டியிடம் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா அனுப்பிய வண்டி இல்லை. வசூல்காரர், மழைக்கோட்டில் நீர் சொட்ட, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த மாசம் உறை வரலையே, மேஸ்திரி?"

"இனிமே வராது. வீட்டைக் காலி பண்றோம்."

"தாராளமா. நாங்க யார் கழுத்துலயும் கத்தி வைக்கிறதில்லையே."

"உங்க தலைவரையே உள்ள போட்டாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கய்யா இந்தக் கூத்து?"

வசூல்காரருக்குக் கோபமே வரவில்லை. "தலைவர் வருவார், போவார். மண்டபம் போனாப் போகுது. நாங்க அதையெல்லாம் நம்பியா இருக்கோம்? உங்களை நம்பித்தான் இருக்கோம். போனவங்களை விட மனசு வராதவர் ஒருத்தர் இருந்தாப் போதும், சபை தழைச்சுக்கும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காசு இல்லாதவங்க இடம் கொடுப்பாங்க. அதையும் வாங்கிக்குவோம்."

"நான் கொடுக்க மாட்டேன்."

"நீங்க கொடுக்க வேண்டாம்" என்று சொன்ன வசூல்காரரின் பார்வை மேஸ்திரியின் தோளைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

மேஸ்திரி ஓடினார்.

கூடம் இருந்தது. குட்டியின் அறை இல்லை. கதவு இல்லை. நிலை இல்லை. சுவர். ஒரே சுவர். புதுச் சுண்ணாம்பின் ஈரம். இடுப்பு உயரத்தில் ஓர் உள்ளங்கைத் தடம். சின்னது.

"குட்டி!"

சத்தமில்லை. மழை மட்டும்.

"குட்டி! அப்பா வந்துட்டேன்டா!"

சுத்தியலை எடுத்தார். உளியை வைத்தார். ஓங்கி ஒரே அடி. சுவர் கல்லைப் போலச் சத்தம் போடவில்லை. தொம்மென்றது. வெதுவெதுப்பாக ஏதோ கையில் தெறித்தது.

"ப்பா... வலிக்குதுப்பா."

சுத்தியல் கீழே விழுந்தது. மேஸ்திரி அப்படியே சரிந்து, தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதார். உடைத்தால் பிள்ளைக்கு வலிக்கும். விட்டால் பிள்ளையே இல்லை. அத்தனை வருஷமாகச் சுவர் இடித்த கை, கட்டிய கை, இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

பிறகு சட்டைப்பையைத் துழாவினார். வழிச்செலவுக்கும் புது வாடகைக்கும் ஒதுக்கிய கூலி. சுவருக்கும் தரைக்கும் நடுவே மயிரிழை இடுக்கு. குப்புறப் படுத்து ஒரு நோட்டைத் தள்ளினார். அந்தப் பக்கம் யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். இன்னொன்று. அதுவும் போனது. எல்லாம் போனது. வெறும் விரலை நீட்டினார்.

இடுக்கு லேசாக விரிய, சின்ன விரல்கள் வெளியே வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டன. சில்லென்று இருந்தன.

வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. ஹாரன் அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது.

சுவர் அவர் மணிக்கட்டின் மேல் ஏறியது. மேஸ்திரி கையை இழுத்துக்கொள்ளவில்லை.