ஒரு விரல் நீளம்

புதன்கிழமை பின்நேரம் முச்சக்கர வண்டி ஹந்தானை வீதியில் நின்றது. மழை விட்டிருந்தது. மஸீனா முதலில் இறங்கினாள். மகளின் தலையில் கையை வைத்து மெல்ல இறக்கினாள். நுஹாவுக்கு ஏழு வயது. பாதித் தலை மழிக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்காரி றம்லத் பின்னறையைத் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களுக்குத்தான் அவள் அந்த அறையைக் கொடுப்பது. ஒரு கட்டில், இரண்டு தலையணை, ஒரு அலுமாரி. டெட்டோல் மணத்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. கழுவாமல் மூடிவைத்த பால் போத்தலைத் திறந்தால் வரும் வாடை.

மஸீனா ஜன்னலைத் திறந்தாள். அது போகவில்லை.

நுஹாவின் மூளையில் நீர் தேங்கும். அதை வடிக்க, காதுக்குப் பின்னாலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். முதல் குழாய் அடைத்தது. இரண்டாவதில் கிருமி ஏறியது. இது மூன்றாவது. இதுவும் கெட்டால் வயிற்றில் இனி வைக்க முடியாது, வேறு வழி பிள்ளைக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார். பதினைந்து நாள் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். அவர்களுடைய ஊர் ஹேவாஹெட்ட. மழைக்கு அந்த வீதியில் மண் சரியும். கணவன் மஹ்ரூப் கடையோடு அங்கேயே நின்றுவிட்டான்.

காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு மேடு. குழாயின் வால்வு அது. காலையில் ஒருமுறை அமுக்கிப் பார்க்கத் தாதி தர்ஷிகா பழக்கியிருந்தாள். அமுங்கி உடனே எழும்பினால் குழாய் ஓடுகிறது; எழும்பாவிட்டால் அடைத்துவிட்டது.

வியாழன் காலை மேடு அமுங்கியது. எழும்பியது.

சுவர்ப் பக்கத் தலையணை நனைந்திருந்தது.

அதில் யாரும் படுக்கவில்லை.

மஸீனா மகளின் தையல்களைப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. தலையணையைக் கழுவிப் போட்டாள். வெள்ளிக்கிழமை அது மறுபடி நனைந்திருந்தது. இந்த முறை மஞ்சளாக. தொட்ட விரலை எடுத்தபோது நூலாக இழுபட்டது.

அன்று அலுமாரியின் மேல்தட்டில் ஒரு இசிமுக் கூட்டைக் கண்டாள். ஓதி எழுதிய தாளைச் சுருட்டி அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டும் பித்தளைக் கூடு. மூடி மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது. முன்னர் இருந்தவர்கள் விட்டுப்போனது என்றாள் றம்லத். அவர்களுடைய பெண்பிள்ளைக்கும் இதே குழாய்தானாம்.

“உள்ளுக்கு ஓதினது ஈக்கும். குப்பையில போட ஏலாது. சும்மா கிடக்கிறத்துக்குப் புள்ளைக்குக் கட்டிவிடுங்க.”

அந்தப் பிள்ளைக்கு இப்போது சுகமா என்று மஸீனா கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு றம்லத் குசினிக்குப் போனாள்.

மஸீனா கூட்டைக் காதருகே ஆட்டினாள். தாள் உரசும் சத்தம் வரவில்லை. ஈரமான ஏதோ ஒன்று தட்டியது. மழைக்காலம், தாள் நமுத்திருக்கும் என்று நினைத்தாள். பிஸ்மி சொல்லி மகளின் இடுப்பில் கட்டினாள்.

அந்தக் கயிறு காயவேயில்லை.

திங்கட்கிழமை மதியம் நுஹா தூக்கத்திலிருந்து எழும்பி வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“உம்மா, அவ இழுக்கிறா.”

“யாரு மகள்?”

“சுவர்ப் பக்கம் படுக்கிறவ. அவட குழாய் கட்டையாம், நீளம் காணாதாம்.”

மஸீனா சட்டையைத் தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தாள். பருக்கை வரவில்லை.

நீண்டது.

ஒரு அங்குலம் வெளியே வந்து நின்றது. வெள்ளைக் குழாய். நுனியில் மஞ்சளாக ஒரு துளி திரண்டு விழுந்தது.

மஸீனா பின்கதவு வடிகானில் வாந்தி எடுத்தாள். பெற்ற மகளின் வயிற்றைத் தொட்ட கையை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகுதான் மகளைத் தூக்கினாள். அந்த ஒரு நிமிடத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

வார்டில் தர்ஷிகா கயிற்றை வெட்டிக் கூட்டை மஸீனாவிடம் கொடுத்தாள். நுஹாவை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மஸீனா நடைபாதைக் கதிரையில் இருந்து றம்லத்துக்குப் போன் எடுத்தாள்.

“ராத்தா, அந்தப் புள்ளைக்கு என்ன நடந்தது?”

றம்லத் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“மவுத்தாப் போச்சு. அடக்க முந்தி நான்தான் குளிப்பாட்டினேன். தொப்புளால குழாய் வந்து, ஆஸ்பத்திரில ஒரு விரல் நீளம் வெட்டி உம்மாட கையில குடுத்திருக்காங்க. உடம்புல இருந்தது உடம்போட போகணும்தானே. கபன் துணிக்குள்ள வச்சதாச் சொன்னா.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்ல.”

மஸீனா கூட்டைப் பார்த்தாள். மெழுகு உடையாமல் இருந்தது. நகத்தால் சுரண்டித் திறந்தாள்.

வெறுங்கூடு. அன்று உள்ளே தட்டியது இப்போது இல்லை. உள்ளே ஈரம். அதே வாடை.

இரண்டு மணித்தியாலம் கழித்து தர்ஷிகா வந்தாள். நுஹா பிழைத்துவிட்டாள், குழாயை எடுத்துவிட்டோம் என்றாள். பிறகும் போகாமல் நின்றாள்.

“அக்கா, நாங்க வச்சதவிட ஒரு விரல் நீளம் கூட இருக்கு. அந்தத் துண்டு மட்டும் பழசு, கபில நிறம். ஒட்டினதும் இல்ல, தச்சதும் இல்ல. டொக்டருக்கே விளங்கல்ல.”

மஸீனா போனில் விஷயத்தைச் சொன்னதும் மஹ்ரூப் அன்றே புறப்பட்டான். துண்டை வாங்கி அந்தப் பிள்ளையின் கபுறில் அடக்குவதற்காக. வீதியில் மண் சரிந்திருந்தது. அவன் வந்து சேர்ந்தது மறுநாள். ஆஸ்பத்திரிக் கழிவென்று மஞ்சள் பையில் போட்ட எல்லாவற்றையும் காலையிலேயே எரித்துவிட்டார்கள்.

நாலாவது குழாயை இதயத்தின் பக்கமாக இறக்கினார்கள். இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. நுஹா ஹேவாஹெட்டயில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். மஸீனா கட்டிலில் ஒரு தலையணைதான் வைத்தாள்.

நேற்றுக் காலை மகளுக்குத் தலை சீவுமுன் வழக்கம்போல் மேட்டை அமுக்கினாள். அமுங்கியது. எழும்பியது. கையை எடுத்துச் சீப்பைத் தேடினாள்.

திரும்பியபோது, யாரும் தொடாமல், மேடு மெல்ல அமுங்கியது.

மஸீனா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது எழும்பவில்லை.