சாயாத காற்றாலை

ருக்ஸார் உட்காரக்கூட இல்லை. "அக்கா, சாயங்காலத்துக்குள்ள என் வேலை போயிடும். பொய் ரிப்போர்ட் எழுதினேங்கறாரு மேனேஜர்."

ஆலை விபத்துகளை விசாரித்துச் சொல்வது சென்னம்மாவின் தொழில். ஜூஜுவாடியில் மாடியறை ஒன்றுதான் ஆபீஸ். உதவியாளன் மணி டீயை ஒரே மடக்கில் விழுங்கினான். உருப்படியான வழக்கு வந்து வெகுநாளாகியிருந்தது.

விஷயம் இதுதான். கடலுக்குள் நடப்போகும் காற்றாலைகள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ருக்ஸாரின் ஆலையில் சோதிக்கிறார்கள். ஆடும் மேசை மேல் கண்ணாடித் தொட்டி, அதில் நீரூறிய மணல், மணலில் ஊன்றிய மாதிரிக் கோபுரம். அவள் ஆட்டியபோது மணல் கூழாகிக் கோபுரம் சாய்ந்தது. அஸ்திவாரத்தை மாற்றவேண்டும் என்று எழுதினாள். மறுசோதனைக்காக மணலைத் தளர்வாகக் கொட்டி, கோபுரத்தை நட்டுவிட்டு ஆயுத பூஜை விடுமுறையில் போனாள். இன்று காலை, காற்றாலை வாங்கும் கம்பெனியின் சுஜாதா முன்னால் அதே வேகத்தில் ஆட்டினார்கள். கோபுரம் அசையவே இல்லை.

சென்னம்மாவும் மணியும் ஆலை ஷெட்டுக்குள் நுழைந்ததுமே மேனேஜர் ராமப்பன் முந்திக்கொண்டார். "லீவு பூரா சாவி என் இடுப்புல. ஒரு ஈ உள்ள போகலைங்க."

சுஜாதா ருக்ஸாரின் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பூஜைப் பொரி ஒரு வாளி நிறைய இருந்தது. மணி கையை விட்டான்.

"என்னக்கா, வெறும் பொரி. கடலை போடறதுக்குக் கூடவா கஞ்சம்?"

"யோவ், நானே நல்லாக் கலந்து இந்த ஆடற மேசை மேல படைச்சேன்," ராமப்பனுக்கு ரோஷம் வந்தது. "டெஸ்ட்டுக்கு முன்னாடிதான் இறக்கி வச்சேன்."

சென்னம்மா முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். அத்தனையும் கடலை. எல்லாவற்றையும் கலந்து வாளியை மணியிடம் கொடுத்தாள். "ஷெட்டை ஒரு சுத்து சுத்திட்டு வா."

மணி அசடு வழியச் சுற்றி வந்தான். கடலை இன்னும் மேலேயே தெரிந்தது.

"தூக்கி நடந்தா இந்த அளவுக்குப் பிரியாது," என்றாள் சென்னம்மா. "விடாம ஆட்டினாத்தான் கடலை அடிக்குப் போகும். லீவுல இந்த மேசை நெடுநேரம் மெதுவா ஓடியிருக்கு. மணலும் இறுகிப்போச்சு. இறுகின மணல் கூழாகாது, கோபுரமும் சாயாது. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப பொரியை ஏன் அப்படியே விட்டாரு?" என்றான் மணி.

"பூஜை முடியாம படைச்சதை நகர்த்த சாமிகிட்ட பயம். கடல்ல அந்தக் கோபுரத்துமேல ஏறப்போறவங்களைப் பத்தித்தான் பயமில்ல."

ராமப்பன் வியர்வையைத் துடைத்தார். "அஸ்திவாரத்தை மாத்தினா நம்ம ஆலையில செய்ய முடியாது, ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்மா."

சுஜாதா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ருக்ஸார், மணலைத் தளர்த்திக் கொட்டுங்க. இப்பவே ஆட்டுங்க."

மேசை ஆடியது. மணல் மினுமினுத்துக் குழைந்தது. கோபுரம் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது.

"நிறுத்தட்டுங்களா மேடம்?" என்றாள் ருக்ஸார்.

"வேண்டாம். முழுசா விழட்டும்."