தாங்குவார்

கத்திரி வெயில் உச்சிக்கு வந்திருந்த நேரத்தில் ஜெபராணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, வண்டிக்குள்ள அனலா அடிக்கு. பிள்ள அழக்கூட மாட்டேங்கான். சீக்கிரம் வாங்க."

செண்பகவல்லி உடம்பைக் குளிர்விக்கும் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கருவிப்பையோடு இறங்கினாள். கயத்தாற்றுக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருந்த அந்த நிறுத்தத்தில் வீட்டுவண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வசதியுள்ளவர்கள் வாங்கிய வண்டிகள். கோடையில் கான்கிரீட் வீடுகளுக்குள் இருக்க முடியாமல் போன பிறகு, பங்குனி முடிந்ததும் ஊரே வண்டி ஏறி, காற்று வரும் இடமாகப் பார்த்து வந்துவிடுகிறது. பொழுது சாயும்வரை எந்த வண்டியும் நகரக்கூடாது. வெயிலில் நடமாட அனுமதி உள்ளவர்கள் செண்பகவல்லி மாதிரி ஓரிருவர்தான். எல்லாருக்கும் அவள் ஏ.சி. அக்கா.

வண்டிக்கு ஒரு ஏ.சி. என்று ஓட்டினால் மின்சாரம் போதாது. அதனால் நிறுத்தத்தின் நடுவே ஒரே ஒரு பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாய்களில் அனுப்பியது. எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதை முடிவுசெய்தது பங்கீட்டான் என்ற கணினி. உள்ளே இருப்பவர்களின் மூச்சையும் நாடியையும் கூரையில் பதித்த அளவியால் அளந்து, தாங்க முடியாதவருக்குக் கூடுதலாகவும் தாங்கக்கூடியவருக்குக் குறைவாகவும் கொடுக்கும். அது வந்த பிறகு இந்த நிறுத்தத்தில் வெயிலுக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆயுதபூஜை அன்று ஊரிலிருந்து வந்து அதற்கு மாலை போட்டுப் பொரிகடலை படைத்தார்கள்.

ஜெபராணி கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. தொட்டிலில் குழந்தை உதடு காய்ந்து, விலா எலும்பு தெரிய மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கூரைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். குளிர்நீர் உள்ளே வரும் வால்வு பாதியிலேயே இறுகிக்கிடந்தது. மாற்று வால்வு திருநெல்வேலியில் இருந்தது. சாயந்தரத்துக்கு முன்னால் அது வந்துசேர வழியில்லை. இருக்கிற நிலையில் குழந்தையை வெயிலில் வேறு வண்டிக்குத் தூக்கிப்போகவும் முடியாது.

"ஈரத்துணியச் சுத்திப் பாத்தேன்க்கா. அதுவும் சுடுது," என்றாள் ஜெபராணி.

குழாயில் அழுத்தம் ஏறினால் பாதி வால்வு வழியாகவே போதுமான குளிர் வந்துவிடும். ஆனால் கைக்குழந்தை உள்ள வண்டிக்கு இவ்வளவு என்ற வரம்புக்கு மேல் பங்கீட்டான் தராது. செண்பகவல்லியிடம் பழுதுபார்ப்பவர்களுக்கான திறவி என்ற கைக்கருவி இருந்தது. கூரை அளவி பழுதானால் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் கையால் பதிவு செய்வதற்காகக் கொடுத்தது. அவள் தொட்டிலை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, அந்த வண்டிக்குள் இதய நோயாளிகள் இரண்டு பேர் இருப்பதாகப் பதிவு செய்தாள்.

குழாய் லேசாக அதிர்ந்தது. குளிர்காற்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டு அழ, ஜெபராணி அதை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு செண்பகவல்லியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே வந்து திறவியை அணைக்கப்போனவள், அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று அதில் பார்த்தாள். வேறு யாருக்கும் அது தெரியாது. பழுதுபார்ப்பவருக்கு மட்டும் காட்டும். கடைசி வரிசையில் ஒரு வண்டி. மாசானமுத்து, தனி ஆள். தூத்துக்குடி உப்பளத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர். பெயருக்கு நேராகப் பங்கீட்டான் 'தாங்குவார்' என்று குறித்திருந்தது.

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். உப்பளத்துக்காரருக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று அடுத்த நினைப்பு வந்தது. போனால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தன் வண்டிக்குத் திரும்பி, மோர் ஊற்றிச் சோறு தின்று, கொஞ்சம் தலைசாய்த்தாள். தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒற்றைச் சொல் வந்து நின்றது. கடைசியில் எழுந்து, பனிக்கட்டிப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

தட்டினாள். பதில் இல்லை. திறவியால் கதவைத் திறந்தபோது மாசானமுத்து தரையில் கிடந்தார். மார்பில் போட்டிருந்த துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. "வண்டி வந்துட்டுல்லா, மூட்டைய ஏத்துங்க," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாடி ஏறியதைப் பங்கீட்டான் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. உழைத்த உடம்புக்கு அது வழக்கம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டது.

செண்பகவல்லி தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். பையில் இருந்த பனிக்கட்டிப் பொட்டலங்களைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். உப்பு கரைத்த தண்ணீரைத் துளித்துளியாக உதட்டில் விட்டாள். வேர்வை அவள் கண்ணில் இறங்கி எரிந்தது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். கூப்பிட வெட்கமாகவும் இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது அவருக்கு நினைவு தெளிந்தது.

"ஏ.சி. அக்காவா? மெசின் கெட்டுப்போச்சோ?"

"கெடல அண்ணாச்சி," என்றாள். அதோடு நிறுத்திவிடலாம். அவருக்குத் தெரிய வேறு வழியே இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள், வால்வு, குழந்தை, பொய்ப் பதிவு, தின்ற சோறு வரைக்கும்.

மாசானமுத்து கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ள பொழச்சுக்கிட்டுல்லா?"

"பொழச்சுக்கிட்டு."

"என்னயக் கேட்டிருக்கலாம்லா நீ? இந்தா இருக்கேன், நாலு வரிசை தள்ளி. கேட்டிருந்தா நானே பிள்ளைக்குக் குடுத்துட்டு, உன் வண்டியிலயோ எவன் வண்டியிலயோ போயி உக்காந்திருப்பேன்." குரல் ஏறவில்லை. ஆனால் அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "கேக்காம எடுத்துட்டியே."

அவள் உருகிய பொட்டலங்களை எடுத்துப் பையில் போட்டாள். வைதிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இருட்டுவதற்குள் வால்வு வந்தது. அதை மாட்டிவிட்டு, ஜெபராணி வண்டியின் பொய்ப் பதிவை அழித்தாள். பிறகு மாசானமுத்துவின் பதிவைத் திறந்தாள். பங்கீட்டான் அதை ஏற்கெனவே திருத்தியிருந்தது. இவ்வளவு சூட்டில் இவ்வளவு நேரம் உயிரோடு இருந்தவர் என்பதை அது கற்றுக்கொண்டுவிட்டது. 'தாங்குவார்' என்பது 'நன்றாகத் தாங்குவார்' என்று மாறியிருந்தது. நாளைக்கு யாருக்காவது குளிர் போதவில்லை என்றால் முதலில் அவரிடமிருந்துதான் எடுக்கும்.

அவள் அதை நோயாளி என்று மாற்றினாள். அது பொய்யும் இல்லை. ஆனால் மாற்றிய உடனே பங்கீட்டான் அவருக்கான குளிரை வேறொரு வண்டியிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்தது. பெயரைப் பார்த்தாள். சௌந்தரவள்ளி, மூன்றாம் வரிசை. கணவனும் மனைவியும் மட்டும். இருவருமே தாங்குவார்கள்.

இந்த முறை செண்பகவல்லி நேரே போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

சௌந்தரவள்ளி ஒரு சாண் அளவுக்குக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குளிர் காலில் பட்டது. செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னாள். கடைசி வரிசையில் ஒருவர் இன்று சாகக் கிடந்தார், நாளைக்கு உங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் அவருக்குப் போகும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

சௌந்தரவள்ளி திரும்பி உள்ளே பார்த்தாள். அவள் கணவன் விளக்கைக் குறைத்தான்.

"மெசினா எடுத்தா எடுத்துக்கிடட்டும்க்கா," என்றாள் அவள், கெஞ்சுவது போல. "இத்தன நாளும் யார் யாருக்கோ போயிருக்கும், நாங்க என்ன ஏதுன்னு கேட்டோமா? எங்ககிட்ட வந்து மட்டும் கேக்காதிய. கேட்டா நான் முடியாதுன்னுல்லா சொல்லணும்."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.