பச்சை ஒயர்

மேனாம்பேட்டில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி உள்ளே போனால், ஒரு காலத்தில் அரிசி மில்லாக இருந்து பிறகு மன்றமாக மாறிய கட்டடம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே கிதார் கச்சேரி நடக்கும். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். முன்பாதியில் தசரதன் நைலான் கம்பி போட்ட கிதாரில் மேல்நாட்டுச் செவ்விசை வாசிப்பார். பின்பாதி குணசேகரனுடையது: இரும்புக் கம்பி, கரண்ட் கிதார், ஜாஸ். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முன்பாதி புரியாது, மீதிப் பேருக்குப் பின்பாதி புரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். இடைவேளையில் கிடைக்கும் சுண்டலும் அதற்கு ஒரு காரணம்.

ஒரு வருடமாகக் கச்சேரி நின்று போயிருந்தது. மறுபடி தொடங்கும் நாளில், வெயில் இன்னும் இறங்காத நேரத்தில், பாஸ்கரன் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு மன்றத்தின் பூட்டைத் திறந்தான். அவன் ஆவடி தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன். கச்சேரிக்கு மைக், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே அவன் பொறுப்புதான்.

கதவு திறந்ததும் பழைய தவிட்டு வாசனையும் வௌவால் நெடியும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு அடியில் மெலிதாக இன்னொரு வாசனை. கருகிய ரப்பர். மனசு செய்கிற வேலை என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தான்.

பாதி ஹாலைத் தாண்டியபோது அந்தச் சத்தம் கேட்டது.

ம்ம்ம்ம்ம்.

தெருமுனை டிரான்ஸ்பார்மராக இருக்கும் என்று நினைத்தான். மேடையை நெருங்க நெருங்கச் சத்தமும் நெருங்கியது. மேடை ஓரத்தில் பழைய போர்வைக்குள் குணசேகரனின் ஆம்ப்ளிபயர் பெட்டி இருந்தது. போர்வையை விலக்கிக் காதை வைத்தான். அதற்குள்ளிருந்துதான் வந்தது.

குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனான். அதன் முனையில் இருந்த பிளக் தரையில் கிடந்தது. எந்தச் சுவரிலும் செருகப்படாமல்.

பாஸ்கரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அந்த இரைச்சல் புதிதல்ல. அதை நிறுத்தியவனே அவன்தான்.

குணாவின் ஆம்ப்ளிபயருக்கு ஓர் எர்த், மன்றத்து மைக் பெட்டிக்கு ஓர் எர்த். இரண்டையும் சேர்த்தால் ஸ்பீக்கரில் ஓயாமல் ஓர் இரைச்சல் ஓடும். ஜாஸில் அது அமுங்கிப் போகும். தசரதன் வாசிக்கும்போதுதான் வெளியே தெரியும். "பாஸ்கரா, நான் மெதுவா வாசிக்கிற எடமெல்லாம் அதுதான்ப்பா கேக்குது. ஏதாவது செய்யேன்" என்று மாதா மாதம் புலம்புவார். ஒருநாள் பாஸ்கரன் செய்தான். யாரிடமும் சொல்லாமல் ஆம்ப்ளிபயரின் பிளக்கைத் திறந்து, எர்த்துக்கான பச்சை ஒயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி உள்ளேயே மடித்து வைத்தான். இரைச்சல் நின்றது. ஹால் முழுக்கக் கழுவி விட்டதுபோல் ஓர் அமைதி. தசரதன் மேடையிலிருந்தே அவனைப் பார்த்துக் கும்பிட்டார். பாஸ்கரனுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பின்பாதியில் குணா வந்து உட்கார்ந்தான். கிதாரை மடியில் வைத்து, காதைத் தீட்டிக் கேட்டு, பாஸ்கரனைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மாமே, சத்தத்தையே காணோம்."

பழைய பெட்டி. உள்ளே எங்கோ கசிந்துகொண்டிருந்த கரண்டுக்கு மண்ணுக்குப் போக இருந்த ஒரே வழியைத்தான் பாஸ்கரன் மடித்து வைத்திருந்தான். அது இரும்புக் கம்பிகளில் வந்து காத்திருந்தது. குணா கம்பிகளைப் பிடித்தபடி வணக்கம் சொல்ல, எர்த் இருந்த மைக்கில் வாயை வைத்தான்.

அவ்வளவுதான்.

எல்லோரும் குணாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பாஸ்கரன் ஓடவில்லை. காலியான ஹாலில் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைப் பழையபடி முடுக்கினான். உரித்த டேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் அம்பத்தூர் ஏரியில் எறிந்தான். பெட்டியைச் சோதித்தவர்கள், குணாவே அடிக்கடி திறந்து உள்ளே ஒயர்களைப் பற்ற வைத்துக்கொண்டிருந்த பெட்டிதானே என்று சொல்லி முடித்துவிட்டார்கள். குணாவின் அம்மா பஞ்சவர்ணம் அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம்புள்ள அவனே கைய வெச்சான், அவனே பூட்டான். யார இன்னான்னு சொல்றது" என்பாள். அவள் சொல்லும்போதெல்லாம் பாஸ்கரன் தலையை ஆட்டுவான். அப்படி ஆட்டிய தலையை வெட்டிப் போட்டால் என்ன என்று வீட்டுக்கு வந்து தோன்றும். மறுபடி பார்க்கும்போது மறுபடி ஆட்டுவான்.

"இன்னாண்ணே, கீழ குந்திகினு கீறீங்க?"

நிமிர்ந்தான். குணாவின் தங்கை தாட்சாயிணி, கிதார் பையோடு நின்றாள். அண்ணனிடம் கற்றவள். இன்றைக்குப் பின்பாதி அவளுடையது. இரைச்சல் நின்றிருக்கவில்லை, ஆனால் அவள் முகத்தில் அதைக் கேட்ட சுவடே இல்லை.

"தாச்சா, இந்தப் பொட்டி வேணாம்மா. நான் வேற ஒண்ணு வாடகைக்கு எடுத்தாறேன்."

"எங்கண்ணன் பொட்டிலதான் வாசிப்பேன். நீங்க ஒருவாட்டி பாத்து குட்த்தா போதும்."

இந்தப் பெட்டி ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் கண்ணெதிரே பிளக்கைத் திறந்தான். பச்சை ஒயர் தன் இடத்தில் இருந்தது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினான். மூடினான். செருகி, டெஸ்டரால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அதன் விளக்கு எரியவில்லை, கசிவு இல்லை. பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. முனகட்டும் என்று நினைத்தான். முனகுகிற வரைக்கும் எர்த் இருக்கிறது. முனகுகிற வரைக்கும் இந்தப் பெண் உயிரோடு இருப்பாள்.

கூட்டம் வந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் குணாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். பஞ்சவர்ணம் வரவில்லை, அந்த ஹாலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். தசரதன் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது உருப்படி முடிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தார்.

"பாஸ்கரா, மறுபடி அந்த இரைச்சல். அன்னைக்கு என்னமோ செஞ்சு நிறுத்தினியே. அதையே செய்யேன்."

அவருக்குப் பாவம், ஒன்றும் தெரியாது.

"முடியாது சார்" என்றான் பாஸ்கரன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

இடைவேளை முடிந்து தாட்சாயிணி வந்து உட்கார்ந்தாள். அதே ஸ்டூல். அதே மைக். அண்ணனைப் போலவே கிதாரை மடியில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஹால் முழுக்க இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்கரன் சுவரோரம் பிளக்கின் பக்கத்திலேயே நின்று அதைச் சாமி பேரைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் இடது கை கம்பிகளின் மேல் படிந்தது.

மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

இரைச்சல் நின்றது.

கூட்டத்தில் யாரோ "அப்பாடா" என்றார்கள்.

கருகிய ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. பாஸ்கரனின் காதருகே, சுவரும் அவனும் மட்டும் இருந்த அந்த இடத்தில், சிரிப்போடு ஒரு குரல் கேட்டது.

"இன்னா மாமே, சத்தத்தையே காணோம்."

பாஸ்கரன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் அவன் விழ, மைக் ஒயர் இழுபட்டு ஸ்டாண்டும் சரிந்தது. தாட்சாயிணி உதடு மைக்கைத் தொடுவதற்குள் பதறி எழுந்துவிட்டாள். தசரதன் ஓடி வந்தார். பாஸ்கரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிளக்கைத் திறந்தான்.

பச்சை ஒயர் கழன்று, மடிந்து கிடந்தது. முனையில் கறுப்பு டேப். ஓரங்களில் தூசி படிந்து பசை காய்ந்திருந்தது. ஒரு வருடமாக அங்கேயே இருந்தது போல. தண்ணீரில் ஊறிய பாசி வாசனை அதிலிருந்து வந்தது.

டேப்பின் கடைசி நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. பிறகு உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று பாஸ்கரன் எப்போதும் செய்கிற வேலை அது. மன்றத்தில் இருந்த ஒவ்வொரு மைக் ஒயரிலும், தாட்சாயிணியின் கிதார் ஒயரிலும்கூட, அந்த மடிப்பு இருந்தது.

அவள் தன் கிதார் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பார்த்தாள். பிறகு அவனை.

"சாயங்காலம் என் கண்ணெதிரதானே இறுக்கினீங்க?"

"ஆமா."

"அப்போ இது என்னிக்கு சுத்துனது?"

தசரதன் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் கேட்டதுக்காகவா?" என்று யாரிடமோ கேட்டார்.

தாட்சாயிணி அழவில்லை. அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான். "எங்கம்மா ஒரு வருசமா அவனத்தான் திட்டிகினு கீது" என்றாள். "வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

வீடு அடுத்த தெருவில்தான். அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால். நன்றாக இருட்டியிருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனான், எதுவும் நிற்கவில்லை. சொன்னால் அந்த அம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். அதற்காகவாவது ஒரு வருடம் முன்பே வந்திருக்கலாம் என்று நினைத்தான்.

தாட்சாயிணி இரும்பு கேட்டைத் திறந்து உள்ளே போனாள். கேட்டுக்கு மேலே, குணா தன் கையால் கேட்டின் இரும்பை ஒட்டியே ஒயர் இழுத்துப் போட்ட வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்கரன் கேட்டைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றான்.

உள்ளே பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது.

"யாரு, பாஸ்கரா? உள்ள வா நைனா. உன்ன கேக்கணும்னே இருந்தேன். எம்புள்ள போன நாள்லருந்து இந்த ஊட்ல ராவும் பகலும் ம்ம்ம்னு ஒரு சத்தம். எங்கருந்து வர்துன்னே தெர்ல. நீ கரண்டு ஆளாச்சே, பாத்து சொல்லுவேன்னு நெனச்சிகினு கீறேன்."

சற்று நிறுத்தி, அவளே ஆச்சரியத்தோடு சொன்னாள்.

"இன்னாடா இது, நீ வந்ததும் நின்னுட்ச்சி."

பாஸ்கரன் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு கைகளும் இரும்பு கேட்டின் மேலேயே இருந்தன.